பழைய மோட்டார் யாட் வாங்கி அதிலேயே குடியிருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் பழைய மோட்டார் யாட் (எஞ்சினில் ஓடும், உள்ளே தங்கும் வசதியுள்ள படகு) ஒன்றில் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. படகைப் பார்க்க வருகிறவர்களும் ஃபோனில் கூப்பிடுகிறவர்களும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

பழைய படகு எதுக்கு? புதுசாவே வாங்கினா தொல்லை இல்லையே?

பணம்தான் முதல் காரணம். புதுப் படகின் விலை முதல் பத்துப் பதினைந்து வருடங்களில் வேகமாக இறங்கும். முப்பது வருடப் படகு அந்த இறக்கத்தை எப்போதோ முடித்திருக்கும். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. 1970களிலும் 80களிலும் கட்டிய பல படகுகள் வாரக்கணக்கில் உள்ளேயே தங்கிப் பயணம் போவதற்காகக் கட்டப்பட்டவை. கனத்த அடிப்பாகம், ஆள் இறங்கி வேலை பார்க்கும் அளவு எஞ்சின் அறை, பொருள் வைக்க நிறைய அலமாரி என்று அமைந்திருக்கும். கிராண்ட் பேங்க்ஸ் படகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 வாக்கில் அவற்றை மரத்துக்குப் பதில் கண்ணாடியிழையில் கட்டத் தொடங்கினார்கள். அந்த முதல் தலைமுறைப் படகுகளில் இன்றைக்கும் குடும்பங்கள் குடியிருக்கின்றன.

படகு எந்த வருடத்தது என்பதைவிடக் கடைசி ஐந்து வருடம் யார் கையில், எப்படி இருந்தது என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

ரெண்டு பேருக்கு எத்தனை அடி படகு வேணும்?

36 அடியிலிருந்து 45 அடிக்குள் பாருங்கள். "கொஞ்சம் பெரிசாவே வாங்கிடலாம்" என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் படகின் நீளம் கூடும்போது அகலமும் ஆழமும் சேர்ந்தே கூடுகின்றன. 35 அடிப் படகையும் அதே அமைப்பில் கட்டிய 45 அடிப் படகையும் ஒப்பிட்டால் எடை இரண்டு மடங்குக்கு மேல் போகும். நங்கூரம், கயிறு, பெயின்ட், பேட்டரி என எல்லாச் செலவும் அந்த எடையின் பின்னாலேயே வரும். நிறுத்தக் கட்டணத்தை மொத்த நீளத்துக்குத்தான் கணக்குப் போடுவார்கள். அணியத்தில், அதாவது முன்முனையில், நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூர மேடையும் பின்முனையான அமரத்தில் இருக்கும் குளிக்கும் மேடையும் பல இடங்களில் அந்த நீளத்தில் சேரும்.

அடிக்கணக்கைவிட உள்ளமைப்புதான் தினமும் உங்களைத் தொடும். படகு பார்க்கப் போனால் நான் முதலில் படுக்கையில் படுத்துப் பார்ப்பேன், அடுத்தவர் மேல் ஏறாமல் இறங்க முடிகிறதா என்று. அப்புறம் சமையல் மேடை முன்னால் நிற்பேன். கடைசியாகக் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பேன். இந்த மூன்றில் ஒன்று இடித்தாலும் தினமும் இடிக்கும்.

முதல்ல படகை வாங்கிட்டு, அப்புறம் நிறுத்த இடம் தேடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முதலில் இடம், இரண்டாவது காப்பீடு, படகு மூன்றாவதுதான்.

மரினா என்பது கட்டணம் வாங்கிக்கொண்டு படகு நிறுத்த இடம் தரும் துறை. பல மரினாக்களில் குடியிருக்க அனுமதியே இல்லை. அனுமதிக்கிற இடங்களிலும் எத்தனை படகு என்று வரம்பு வைத்துக் காத்திருப்போர் பட்டியல் போட்டிருப்பார்கள். சில இடங்களில் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட படகைச் சேர்ப்பதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதி அழகான 48 அடிப் படகு ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினார்கள். அவர்கள் நினைத்து வைத்திருந்த மரினாவில் காலியாக இருந்தது 45 அடி இடம். ஒரு பருவம் முழுக்க விருந்தினர் கட்டணம் கொடுத்து, துறை துறையாக மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கட்டணம் நாள்கணக்கில் எகிறும்.

அனுமதி கேட்கும்போது "வருடம் முழுவதும், எல்லா இரவும் படகிலேயே குடியிருப்போம்" என்று தெளிவாகச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். படகை விற்றால் இடமும் சேர்ந்து கைமாறுமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் மாறாது. துறையில் ஏற்கெனவே நிற்கும் படகைப் பார்த்து, "இடத்தோடு கிடைக்குது" என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

இடமே வேணாம், நங்கூரம் போட்டு நின்னுக்கலாம்னா?

முடியும், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம். தண்ணீர், மின்சாரம், கழிவு, குப்பை, கரைக்குப் போய்வர ஒரு சிறு படகு எல்லாம் தினசரி வேலையாகிவிடும். படகின் குணம் தெரிந்த பிறகு அதை யோசியுங்கள். தங்குவதற்கு நாள் வரம்பு உள்ள நங்கூரத் துறைகளும் நிறைய.

முப்பது வருஷப் படகுக்குக் காப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும், நிபந்தனைகளோடு. புதிதாகச் செய்த சர்வே அறிக்கை, அதாவது நிபுணர் படகைச் சோதித்து எழுதிய அறிக்கை, கேட்பார்கள். அதில் பாதுகாப்புக் குறை என்று எழுதியதை எல்லாம் சரிசெய்த பிறகே முழுப் பாதுகாப்பு தருவார்கள். மரப் படகு என்றால் பல நிறுவனங்கள் பேச்சையே நிறுத்திவிடும். குடியிருக்கப் போகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். விபத்து நடந்தபின் தெரிந்தால் இழப்பீடே கிடைக்காமல் போகலாம். மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாவிட்டால் பெரும்பாலான மரினாக்கள் உள்ளேயே விடாது. படகுக்கு விலை பேசும் முன்பே இரண்டு மூன்று இடங்களில் கேட்டுவையுங்கள்.

வருஷச் செலவு, வாங்கின விலையில பத்து சதவீதம்னு சொல்றாங்களே?

பழைய படகுக்கு அந்தக் கணக்கு உதவாது. பம்ப்புக்கும் பெயின்ட்டுக்கும் கரையேற்றும் கிரேனுக்கும் நீங்கள் படகை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று தெரியாது. 42 அடிப் படகை அடிமாட்டு விலைக்கு வாங்கினாலும் அதற்கு ஆகும் செலவு 42 அடிப் படகின் செலவுதான். மலிவாக வாங்கிய படகுக்கு முதல் வருடம் விலையில் பாதிகூடச் செலவானதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கையில் இருப்பதை மூன்று பங்காகப் பிரித்து, இரண்டு பங்குக்குள் படகை வாங்குங்கள். மூன்றாவது பங்கு முதல் பதினெட்டு மாதத்துக்கு. நான் சொல்லக்கூடிய கணக்கு இதுதான்.

கண்ணாடியிழையா, எஃகா, மரமா?

முதல் படகு என்றால் கண்ணாடியிழை. எஃகு உறுதியானது, ஆனால் துரு வெளியிலிருந்து அல்ல, உள்ளிருந்து வரும். மரப்பலகை மூடிய, கையே எட்டாத மூலையில் தண்ணீர் தேங்கித் தகட்டைத் தின்றிருக்கும். அல்ட்ராசவுண்ட் கருவியால் தகட்டின் கனத்தை இடம் இடமாக அளக்காமல் எஃகுப் படகு வாங்காதீர்கள். அலுமினியத்துக்கும் அரிப்புத் தொல்லை உண்டு, அதன் அடியில் செம்பு கலந்த பெயின்ட் பூசவே கூடாது. மரப் படகு அழகு. தச்சு வேலை கையில் இருந்து, அதைச் செய்வதிலேயே மகிழ்ச்சியும் இருந்தால் மட்டும் அதன் பக்கம் போங்கள்.

படகைக் கரையேத்தினப்போ அடியில கொப்புளம் கொப்புளமா இருந்துச்சு. விட்டுடலாமா?

அவசரப்படாதீர்கள். தண்ணீர் மெல்ல மெல்ல மேல்பூச்சைத் தாண்டி உள்ளே போய், பிசினில் கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து புளித்த திரவமாகிறது. அதைத்தான் ஆஸ்மோசிஸ் கொப்புளம் என்கிறார்கள். குத்தினால் வினிகர் வாடையோடு பீய்ச்சும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் குத்த வேண்டாம். அங்கங்கே சின்னதாக இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்ல ஒரு காரணம், அவ்வளவே. கொப்புளத்தால் மட்டும் மூழ்கிய படகு என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

நான் பயப்படுவது மேலிருந்து வரும் தண்ணீருக்கு. அக்காலத்துப் படகுகள் பலவற்றின் மேல்தளம் இரண்டு கண்ணாடியிழைத் தோலுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துக் கட்டியது. அதன்மேல் தேக்குப் பட்டைகளை ஆயிரக்கணக்கான திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு திருகாணியும் ஒரு ஓட்டை. பட்டை தேய்ந்து திருகாணி தளர்ந்ததும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, நடுமரம் ஊறிக் கூழாகிவிடும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று கணீரென ஒலிக்கும், அழுகிய இடம் "பொத் பொத்" என்று செத்துப்போன சத்தம் தரும். அந்த வித்தியாசம் பழகாத காதுக்கும் தெரியும்.

எஞ்சின் 4000 மணி நேரம் ஓடியிருக்கு. ரொம்ப அதிகமா?

மெதுவாகச் சுழலும், டர்போ இல்லாத டீசல் எஞ்சினுக்கு அது பாதி வயதுதான். ஒழுங்காகப் பராமரித்தால் 8000, 10000 மணி வரை ஓடுபவை உண்டு. நான் சந்தேகப்படுவது முப்பது வருடத்தில் 600 மணி மட்டும் ஓடிய எஞ்சினை. வருடத்துக்கு இருபது மணி! ஓடாத டீசல் உள்ளேயே துருப்பிடிக்கும், ரப்பர் பாகங்கள் காய்ந்துபோகும்.

ஓட்டிப்பார்க்கப் போனதும் எஞ்சின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஓட்டிப் பழக்கியிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் அதன் உண்மை வெளிவரும். நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கறுப்புப்புகை என்றால் சுமை அதிகம், அல்லது காற்று போதவில்லை. வெள்ளைப்புகை கிளப்பியதும் கொஞ்சம் வந்து நின்றால் பரவாயில்லை. நிற்காவிட்டால் எரியாத டீசலோ நீராவியோ போகிறது என்று அர்த்தம். கடலில் முழு வேகம் கொடுத்து, எஞ்சினுக்குக் குறித்த சுழற்சியை எட்டுகிறதா பாருங்கள். உப்புத்தண்ணீர் போகும் புகைக்குழாயின் முழங்கைபோல் வளைந்த பகுதியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது, துருப்பிடித்துத் துளை விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

எந்த எஞ்சினோ, அதற்கென்று உள்ள பழக்கத்தையும் விசாரியுங்கள். பழைய ட்ராலர் யாட்களில் (மீன்பிடிப் படகின் சாயலில் கட்டிய யாட்களில்) நிறைய இருக்கும் 6.2 லிட்டர் ஃபோர்டு லேமன் 120-ல் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் பம்புக்கென்று தனி எண்ணெய் உண்டு. அதை ஏறக்குறைய 50 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விற்பவருக்கு அதுவே தெரியாவிட்டால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு எஞ்சின் போதுமா, ரெண்டு வேணுமா? பெட்ரோல் படகு மலிவா வருதே?

ஒற்றை டீசல் போதும் என்பது என் கட்சி. இரண்டு இருந்தால் துறையில் திருப்புவது எளிது, ஒன்று நின்றாலும் வீடு வந்து சேரலாம். ஆனால் பராமரிப்பு இரட்டிப்பு. அதோடு இரண்டுக்கும் வெளிப்பக்கம் கையே நுழையாது. கனத்த படகு எத்தனை எஞ்சின் இருந்தாலும் வேகமாகப் போகாது. நீர்மட்டத்தில் 36 அடி நீளமுள்ள படகுக்கு இயல்பான உச்ச வேகம் சுமார் 8 நாட், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் போல. அதற்குமேல் விரட்டினால் டீசல்தான் கரையும்.

குடியிருக்கும் படகில் பெட்ரோல் வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரைப்பலகைக்குக் கீழே இருக்கும் அடிக்குழியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கிளப்பும் முன் ஒவ்வொரு தடவையும் குறைந்தது 4 நிமிடம் காற்றுவிசிறி ஓட்ட வேண்டும். ஒருநாள் மறந்தாலும் ஆபத்து.

எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கார். சர்வே தனியா எதுக்கு?

மெக்கானிக்கை எஞ்சினுக்கு வையுங்கள், அதுவும் தேவைதான். உடற்கூட்டுக்கும் மேல்தளத்துக்கும் மின்கம்பிக்கும் கேஸ் இணைப்புக்கும் படகு சர்வேயர் வேண்டும். எப்படியும் காப்பீட்டுக்கு அந்த அறிக்கை தேவை. சர்வேயரை நீங்களே தேடி, நீங்களே பணம் கொடுங்கள். தரகர் கைகாட்டும் ஆளை வைக்காதீர்கள். படகைக் கரையேற்றிப் பார்ப்பது, எஞ்சினைப் பார்ப்பது, கடலில் ஓட்டிப் பார்ப்பது மூன்றும் நடக்க வேண்டும். "சர்வே திருப்தியாக இருந்தால் மட்டுமே" என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அன்றைக்குக் கூடவே நில்லுங்கள். அறிக்கையில் எழுதாத பல விஷயங்களைச் சர்வேயர் பேச்சோடு பேச்சாகச் சொல்வார்.

சர்வேயருக்குப் பணம் கொடுக்கும் முன்னாடி நானே என்ன பாக்கலாம்?

மேலே சொன்ன சுத்தியல் சோதனையைச் செய்யுங்கள். அப்புறம் தரைப்பலகையைத் தூக்கி அடிக்குழியைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். சன்னல்களுக்குக் கீழே மரத்தில் கறுத்த கறை இருந்தால் ஒழுகல். டீசல் ஊற்றும் வாயைச் சுற்றிப் பாருங்கள். பழைய இரும்புத் தொட்டிகள் அந்த வாய் வழியே சொட்டும் மழைத்தண்ணீரால் மேலிருந்து துருப்பிடிக்கும். புதுத் தொட்டி வைக்க எஞ்சினையே தூக்க வேண்டி வரலாம்.

கரை மின்சாரம் செருகும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நாங்கள் பார்த்த ஒரு படகில் மூன்று முள்ளில் இரண்டு பளபளவென்று இருந்தன. மூன்றாவதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகி வழிந்து இறுகியிருந்தது. உரிமையாளர் அதன்மேல் புது டேப் சுற்றி வைத்திருந்தார். மற்ற எல்லாவற்றையும் அவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அந்த டேப்பே சொல்லிவிட்டது.

அக்கா, தூங்கிட்டு இருக்கும்போது மூழ்கிடுமா?

நியாயமான பயம். ஓடும்போது மூழ்குவதைவிடக் கட்டிப்போட்ட இடத்தில் மூழ்கும் படகுகள்தான் அதிகம். அவற்றில் பெரும்பாலும் ஆள் இல்லாத படகுகள். நீங்கள் உள்ளேயே இருப்பது பெரிய பாதுகாப்பு.

நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு துளையையும் ஒரு தாளில் வரைந்து வையுங்கள். 5 சென்டிமீட்டர் குழாய் ஒன்று 60 சென்டிமீட்டர் ஆழத்தில் கழன்றால் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் வரும். சிறிய பம்ப் அதற்கு ஈடுகொடுக்காது. ஒவ்வொரு துளையிலும் அதை மூடித் திறக்க உள்ள சீகாக் வால்வு கையால் திரும்ப வேண்டும், குழாயில் இரட்டைக் கவ்வி வேண்டும், பக்கத்திலேயே ஒரு மரமுளை கட்டித் தொங்க வேண்டும். வால்வைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் அது பித்தளை, அதிலிருந்த துத்தநாகம் கரைந்துபோய்விட்டது. ஒரு நாள் கையோடு உடைந்து வரும்.

வீடு மாதிரி எல்லாம் மின்சாரத்தில் ஓடுமா?

துறையில் இருக்கும்போது ஓரளவு. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றாலும் 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றாலும் கிடைப்பது ஏறக்குறைய 3600 வாட்தான். தண்ணீர் ஹீட்டரும் மின்அடுப்பும் ஏசியும் ஒரே நேரத்தில் ஓடாது. ஒன்றை அணைத்து ஒன்றைப் போடுவது இரண்டு வாரத்தில் பழகிவிடும். துறையை விட்டுப் போனால் பேட்டரிதான். ஈய அமில பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் குறையும். 200 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 100 என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பக்கத்துப் படகாலே நம்ம படகு அரிக்குமாமே, உண்மையா?

உண்மைதான். கரை மின்சாரத்தின் பச்சை எர்த் கம்பி எல்லாப் படகையும் இணைக்கிறது. உப்புத்தண்ணீரில் நிற்கும் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்து ஒரே பேட்டரி போல ஆகிவிடும். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பார்கள். உங்கள் கட்டி அடுத்தவர் ப்ரொப்பெல்லரையும் சேர்த்துக் காக்கப்போய் வேகமாகக் கரையும். அது தீர்ந்தால் உங்கள் ப்ரொப்பெல்லரின் முறை. கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டி இதைத் தடுக்கும், முதல் மாதமே பொருத்துங்கள். கட்டி பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். கொஞ்சமும் கரையாமல் புதிதாகவே இருந்தாலும் மகிழ வேண்டாம், இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. நன்னீரில் துத்தநாகம் வேலை செய்யாது, மெக்னீசியம் வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று: துறையில் குதித்துக் குளிக்காதீர்கள். ஏதோ ஒரு படகிலிருந்து கசியும் மின்சாரம், குறிப்பாக நன்னீரில், நீந்துகிறவரின் தசைகளை முடக்கி மூழ்கடித்துவிடும்.

கழிவறை நாத்தம் எல்லாப் படகிலும் இருக்குமா?

இருக்கத் தேவையில்லை. பலரும் கழிவு சேரும் தொட்டியைக் குறைசொல்வார்கள், குற்றவாளி பெரும்பாலும் குழாய். பழைய குழாயின் சுவர் வழியே வாடை ஊறி வெளியே வரும். ஒரு துணியை வெந்நீரில் நனைத்துக் குழாயைச் சுற்றித் துடைத்து, துணியை மோந்து பாருங்கள். நாறினால் மொத்தக் குழாயையும் மாற்றுங்கள். எங்கள் படகில் எல்லா மருந்தும் ஊற்றிப் பார்த்துத் தோற்ற பிறகு, இரண்டு நாள் குனிந்து குழாயை மாற்றினோம். மூன்றாம் நாள் நாற்றம் போன இடம் தெரியவில்லை.

தொட்டி நிறைந்தால் உறிஞ்சி எடுக்கும் நிலையம் பக்கத்தில் இருக்கிறதா என்று மரினாவை முடிவு செய்யும் முன்பே கேளுங்கள். கரையோரத்தில் கழிவைக் கடலில் விடுவதற்குப் பல நாடுகளில் தடை உண்டு.

பூஞ்சை, ஈரம்... துணியெல்லாம் வீணாகுமா?

வழிசெய்யாவிட்டால் வீணாகும். இரண்டு பேர் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். மெத்தைக்கு அடியில் சட்டம் போட்டுக் காற்றுவிடுங்கள், அலமாரிக் கதவுகளில் துளையிடுங்கள், ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை ஓடவிடுங்கள். எங்கள் கருவியின் தொட்டியை முதல் வாரம் தினமும் இரண்டு தடவை கொட்டினோம்.

குழந்தை இருக்கு. கேஸ் அடுப்பு பாதுகாப்பா?

ஒழுங்காக அமைத்திருந்தால் பாதுகாப்புதான். சிலிண்டர் வெளித்தளத்தில், வடிகால் கடலுக்குத் திறக்கும் தனிப்பெட்டியில் இருக்க வேண்டும். கேஸ் கசிந்தால் பெட்ரோல் ஆவி மாதிரியே அடிக்குழியில் இறங்கித் தேங்கும். அங்கே ஒரு கசிவுமானி வையுங்கள். எஞ்சின் புகையில் வரும், வாடையே இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு ஓர் அலாரம் ஒவ்வொரு படுக்கை அறையிலும் வேண்டும். உங்கள் ஜெனரேட்டர் நின்றிருந்தாலும் பக்கத்துப் படகின் புகை சன்னல் வழியே வரும். குழந்தை மேல்தளத்துக்கு வந்தால் உயிர்காப்பு ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், துறையில் நிற்கும்போதும் இதில் விலக்கு இல்லை.

ஒருத்தர் படகை இலவசமாவே தர்றேங்கிறார்!

செலவுக் கணக்கு பற்றிய பதிலை மறுபடி படியுங்கள். விலை பூஜ்யம் என்றாலும் நிறுத்தக் கட்டணம் நாளைக்கே தொடங்கிவிடும். இதற்கும் சர்வே செய்யுங்கள். அது தேறவில்லை என்றால், அதை உடைத்து அப்புறப்படுத்தும் செலவும் உங்கள் தலையில்தான் விழும் என்பதை மறக்க வேண்டாம்.

பேப்பர்ல என்ன பாக்கணும்?

கடன் ஆளைத் தொடராது, படகைத் தொடரும். முன்னவர் பட்டறைக்கோ மரினாவுக்கோ பாக்கி வைத்திருந்தால் அவர்கள் உங்கள் படகைப் பிடித்துவைக்க முடியும். அதனால் பதிவேட்டில் அடமானம் இருக்கிறதா பாருங்கள். கட்டணம் தீர்ந்தது என்று மரினாவிடம் எழுதி வாங்குங்கள். விற்பனைப் பத்திரங்கள் இடைவெளி இல்லாமல் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு வந்திருக்க வேண்டும். அமரத்தில் பொறித்திருக்கும் உடற்கூட்டு எண்ணையும் எஞ்சின் எண்களையும் பத்திரத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கினால் மதிப்புக்கூட்டு வரி கட்டியதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

சர்வேயில நாப்பது குறை வந்திருக்கு. மனசு படகுமேல போயிடுச்சு. என்ன செய்யட்டும்?

நாற்பது என்பது பழைய படகுக்குச் சாதாரணம், எங்கள் அறிக்கையில் அதைவிட அதிகம் இருந்தது. மூன்று நிறப் பேனா எடுங்கள். குடியேறும் முன்பே செய்ய வேண்டியதைச் சிவப்பில் குறியுங்கள்: கேஸ், மின்கம்பி, சீகாக், காப்பீட்டார் கேட்பவை. ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டியது நீலம், எப்போதாவது செய்யலாம் என்பது பச்சை. சிவப்புக்கு மட்டும் பட்டறையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி விற்பவரிடம் காட்டுங்கள். அவர் விலையைக் குறைக்க வேண்டும், அல்லது செய்து தர வேண்டும். செய்து தருகிறேன் என்றால், முடிந்ததும் உங்கள் சர்வேயரையே மறுபடி அழைத்துக் காட்டுங்கள்.

மேல்தளம் முழுக்க ஊறியிருந்தாலோ, எஞ்சின் முழு வேகத்தில் சூடேறி நிறுத்த வேண்டியிருந்தாலோ, எஃகுத் தகடு பல இடங்களில் மெலிந்திருந்தாலோ நான் வாங்க மாட்டேன். அப்படி ஒரு படகை நாங்கள் விட்டோம். சர்வேக்கும் கிரேனுக்கும் கொடுத்த பணம் போனது, முன்பணம் திரும்ப வந்தது. இப்போது இருக்கும் படகு ஏழு மாதம் கழித்துத்தான் கிடைத்தது.